ஒரு முழ இடைவெளி

1

இக்கதை ஒரு மருத்துவமனைச் சுவரைச் சுற்றியுள்ள ஒரு முழ இடைவெளியிலிருந்து பிறந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களைப் பற்றி நான் படித்த கட்டுரையொன்றில், அவ்விடைவெளிக்கு ஒரே ஒரு வாக்கியந்தான் ஒதுக்கப்பட்டிருந்தது: அதனை ஒருபோதும் அடைக்கலாகாது. அடைப்பவர் யார், எதற்காக அடைப்பார் என்று எண்ணத் தொடங்கினேன். அவர் தீயவராக இருப்பாரென எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: ‘கட்டடங்களும் மனிதர்களைப் போலவே...’ இல்லை. கட்டடங்கள் கட்டடங்களே. அடித்துவிட்டேன்.

2

கள்ளிக்குப்பத்தில் இரண்டு கட்டடங்களை அருகருகே நிறுத்துகிறேன். (இரண்டும் கற்பனை; தேட வேண்டா.) ஒன்று, நாகவல்லி குடியிருக்கும் நான்கு மாடி அடுக்ககம். அதன் தூண்கள் அடித்தளத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டவை. தரைத்தளத்தில் சுவர்களின்றி வண்டிகள் நிற்கின்றன. நிலம் அசைந்தால் அவ்வசைவு தூண்வழியே ஏறி, மேலே செல்லச் செல்லப் பெருகும்.

மற்றொன்று மருத்துவமனை. அதன் தூண்களுக்கும் அடித்தளத்துக்கும் இடையே, இரும்புத் தகடும் ரப்பரும் மாறி மாறி அடுக்கிய திண்டுகள் உள்ளன. நிலம் விரைந்து உதறும். கட்டடம் அதன்மேல் மெல்ல நகரும். நகர இடம் வேண்டுமன்றோ? அதற்காகவே சுற்றிலும் அந்த ஒரு முழம்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் நாகவல்லியின் கணவர் பூபாலன் படுத்திருக்கிறார். அம்பத்தூர் லேத்துப் பட்டறைத் தொழிலாளி. முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தவர். எழுந்தோட இயலாதவரை ஏன் தேர்ந்தீர் என்று நீங்கள் கேட்கலாம். ஓடக்கூடியவராயின் கட்டடத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?

3

ஒரு காலை, சிறிய நடுக்கம் ஒன்று வந்துபோயிற்று. அடுக்ககத்தில் பாத்திரங்கள் உருண்டன. நாகவல்லி மருத்துவமனைக்கு ஓடினாள்.

“ஊடே ஆடிச்சுய்யா! உனுக்கு ஒன்னும் தெர்லியா?”

“இன்னாது ஆடிச்சு? டீதான் ஆறிப்போச்சு,” என்றார் பூபாலன்.

மேலாளர் பார்த்தசாரதி பெருமிதத்தோடு சொன்னார்: “நம்ம கட்டடம் ரப்பர் மேல நிக்குதும்மா. பூகம்பமே வந்தாலும் ஒன்னும் ஆகாது.”

(சிறு நடுக்கத்தில் இவ்வளவு வேறுபாடு தெரியாமலும் போகலாம். கதையின் பொருட்டுச் சற்றே மிகைப்படுத்தினேன்.)

மறுவாரம் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமென மருத்துவர் கூறியபோது நாகவல்லி மறுத்தாள். “அந்த ஊட்டுக்கு இவர இட்னு போவ மாட்டேன். இங்கியே இர்க்கட்டும்.”

4

இனி எழுத விரும்பாத பகுதி. இடைவெளியின்மேல் போட்டிருந்த இரும்புத் தகடு ஒருநாள் நழுவியது. வெளியிலுள்ள ஸ்கேன் அறைக்குத் தள்ளிச்சென்ற சக்கர நாற்காலியின் சக்கரம் அதனுள் இறங்க, பூபாலன் முகங்குப்புற விழுந்தார்.

“இன்னா சார் இது? ஆஸ்பத்திரிய சுத்தி பள்ளம் உட்டு வெச்சிக்கீறீங்க! இவரு மூஞ்சி பேந்துகீது பாருங்க. இத்த மூடுறவரிக்கும் நான் நகர மாட்டேன்!” என்று நாகவல்லி வாயிலில் அமர்ந்துவிட்டாள்.

அவள் கேட்டது நியாயம். அவ்விடைவெளியின் பயன் பார்த்தசாரதிக்கும் தெரியாது. “மழைத்தண்ணி போறதுக்கு உட்டிருப்பாங்கம்மா. மூடிடச் சொல்றேன்.”

கொத்தனார் துலுக்கானம் காங்கிரீட்டைக் கொட்டி, நான்கு பக்கமும் மட்டம் பார்த்து முடித்தார். “இன்னாத்துக்கு உட்டாங்களோ, கொசுதான் குடும்பம் நடத்துது. அண்ணாத்தே, இனிமே உன் வண்டி பிளேன் மாதிரி வழுக்கிகினு போவும்!”

“போயி? ஸ்கேன் ரூம்லதான எறக்குவ,” என்றார் பூபாலன். நாகவல்லியும் சேர்ந்து மூவரும் சிரித்தனர்.

அவ்விடைவெளியின் பயனறிந்த பொறியாளர் ஒருவரை உள்ளே நுழைத்து, உளியால் உடைத்தெடுக்கச் செய்யலாமென்று எண்ணினேன். எழுதியும் பார்த்தேன். அவர் நான் அழைத்ததால் மட்டுமே வந்தார், அனுப்பிவிட்டேன்.

5

முதல் முடிவு: பெருநடுக்கம். அடுக்ககத்தின் கீழ்த்தளம் நசுங்குகிறது. மருத்துவமனை ஒரு சாண் நகர்ந்து, திரும்புகிறது. நாகவல்லி கணவரின் கையைப் பற்றியபடி... இஃது அழகாகவே இருந்தது. நான்காம் பகுதியை எழுதியவனுக்கு இதனை எழுத உரிமையில்லை.

இரண்டாம் முடிவு: மருத்துவமனை நகரத் தொடங்கிக் காங்கிரீட்டில் மோதுகிறது. மோதிய விசை மேலேறி, மூன்றாம் மாடியின்...

மூன்றாம் முடிவு: நிலம் அசையவேயில்லை, எல்லோரும் நலமே. இதனையே விரும்புகிறேன். ஆனால் நிலம் என் விருப்பங்கேட்டு நடப்பதன்று.

6

காலை வேளை. தெருவில் இட்டிலி வாங்கிக்கொண்டிருந்த நாகவல்லியின் காலடியில் நிலம் உதறத் தொடங்குகிறது. அடுக்ககத்தார் வெட்டவெளிக்கு ஓடிவருகின்றனர். அவள் நிற்குமிடம் பாதுகாப்பானது. அவளோ மருத்துவமனைக்குள் ஓடுகிறாள்.

“யக்கா! உள்ள போவாத! வெளியவே நில்லு!” எதிர்மனையில் சுவரெழுப்பிக்கொண்டிருந்த துலுக்கானம் கத்துகிறார்.

“வுடுய்யா! அது ரப்பர் மேல நிக்குது, ஒன்னும் ஆவாது. அவரு தனியா கீறாரு!”

இப்போது அவள் இரண்டாம் மாடியைக் கடந்து ஏறிக்கொண்டிருக்கிறாள். கட்டடம் நகர முற்படுகிறது. அடுத்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை, அஃது உங்களுடையது. அவளைக் காப்பாற்றுவதும் காப்பாற்றாததும் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: எவ்வாறு முடித்தாலும், அந்தக் காங்கிரீட்டைக் கேட்டு வாங்கியதன் பொருளை அவளுக்குத் தெரிவித்துவிடாதீர்கள்.