குரூப்பில் போட்டாச்சு

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகத் தைரியம் குறையும்.

இப்படித்தான் தொடங்கினேன்: ‘இடுக்கியில் ஓர் ஏலத்தோட்டத்தில் ஜெகன் என்றொரு சூப்பர்வைசர்...’

(அடித்துவிட்டேன். ஜெகன் என்று யாரும் இல்லை. சூப்பர்வைசர் நான்தான், ஜின்சன்.)

2

ஞாயிறு பூசை முடிந்து நாலாம் பிளாக்கில் பூச்சிமருந்து அடித்தோம். மூன்று நாளைக்கு அங்கே யாரும் இறங்கக்கூடாது. “எல்லாத்தையும் குரூப்ல போடுங்க, ரெக்கார்டு இருக்கும்” என்பார் மானேஜர். வாட்சப் குரூப்பில் போட்டேன். முப்பத்தொரு கட்டைவிரல்கள் வந்தன.

மறுநாள் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்தில் ஒரு தடவை வாயால் சொல்லியிருக்கலாம். குளிர். போட்டாச்சே என்று தாமதமாகப் போனேன்.

“களை எடுக்கிற சகாயமேரி அக்கா எங்க?” என்றேன்.

“அப்பவே நாலாம் பிளாக்ல எறங்கிருச்சுண்ணே. சனிக்கிழமை விட்ட களை கெடக்குல்ல” என்றாள் கூட வேலை செய்யும் மாரீஸ்வரி. “நீங்கதான் ஏதோ சொல்லி அனுப்பிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

3

ஓடினேன்.

(இங்கே பயத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாக வந்திருந்தது, அதனாலேயே எடுத்துவிட்டேன். அவருக்காகப் பயந்தேனா, என் வேலைக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.)

ஏலச்செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். திருப்பினேன். வாயில் நுரை. “அக்கா!” என்றேன். கண் திறக்கவில்லை. ஜீப்பில் ஏற்றினோம்.

4

பிழைத்துவிட்டார். நாலாம் நாள்தான் கண் விழித்தார்.

குமுளியில் கடை வேலை பார்க்கும் மகள் சோனா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு அவளிடம் இருக்கும் ஒரு போன்தான். குரூப்பில் இருப்பது அவள் நம்பர். அன்றைக்கு அவளும் கட்டைவிரல் போட்டிருக்கிறாள்.

“பாத்தேன்ணே. அம்மாவுக்கு நேர்ல சொல்லிருப்பாங்கன்னு விட்டுட்டேன். நான்தான் கொல்லப் பாத்தேன்” என்று அழுதாள். பிறகு நிமிர்ந்தாள். “அம்மாகிட்ட போன் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதுல்லண்ணே?”

“தெரியாதும்மா” என்றேன்.

5

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் நான் அவளிடம் உண்மையைச் சொல்கிறேன், அவள் மன்னிக்கிறாள். (அவளுக்குப் பதிலாக நானே எழுதிக்கொண்ட மன்னிப்பு அது.) இன்னொன்றில் சொல்வதேயில்லை, அவள் காலமெல்லாம் தன்னையே...

இரண்டும் வேண்டாம். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பில் இருந்துதான் எழுதுகிறேன். சோனா மாடியில் இருக்கிறாள். நேரில் சொல்ல வேண்டியதை மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் படி ஏற வேண்டியிருக்கும். அதனால் இன்னும் ஒரு வரி:

சோனா, உன் நம்பரைக் குரூப்பில் சேர்த்தது நான்தான். அம்மாவிடம் போன் இல்லை என்று எனக்கு