நான்கு வரிக் காவல்

பலகை உயிர்பெறக் காத்து உட்கார்ந்திருந்தாள் அவள். மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் பச்சை நிறச் சர்க்யூட் பலகை. அதிலிருந்து மூன்று கம்பிகள் கணினிக்குப் போயின. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி, பாதியில் நின்று, ஒரு மறுப்புச் செய்தியைக் காட்டின. அவள் எழுதிய நான்கு வரிகள் கொடுத்த மறுப்பு அது.

கிடங்குகளில் மூட்டை நிறுக்கும் இயந்திரங்களுக்கான பலகை. பழைய பிராசஸரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார்கள். எந்த முகவரி நினைவகம், எது எடை காட்டும் திரைக்கும் தராசுக்கும் போகும் வாசல் என்கிற வரைபடத்தைப் புதியதற்கு ஏற்ப, இயந்திரத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலில் எட்டு மாதமாக எழுதியவள் அவள். ஒரே நினைவிடத்தை இரண்டு விதமாக வரைந்தாலும் பழைய பிராசஸர் பொறுத்துக்கொள்ளும். புதியது பொறுக்காது. அதே இடத்துக்கு இரண்டு நகல் வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒருமுறை பழைய நகலைப் புதியதின் மேல் எழுதிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த நான்கு வரிகள்.

ஒப்பந்தத்தில் இருந்த அவளிடம், இந்த வேலை முடிந்ததும் நிரந்தரம் என்று மேனேஜர் வாயாரச் சொல்லியிருந்தார். போன திங்கட்கிழமை அந்த இடத்தில் அவருடைய மச்சினன் வந்து உட்கார்ந்தான். கோப்பின் தலையில் எழுதியவராக இருந்த அவள் பெயர் அழிந்து, அவன் பெயர் ஏறியது.

"நீங்கதான் போகப் போறீங்களே, பேர் எதுக்கு?" என்று மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போதும் எதிரில் உட்கார்ந்திருந்தது.

இன்று அவளுக்குக் கடைசி நாள். மச்சினன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"மேடம், டிஸ்பிளே வரவே மாட்டேங்குது. இந்த நாலு வரி வழி மறிக்குது. பழசுல இது இல்லையே?"

"இல்ல."

"அப்ப எடுத்துடவா?"

திரைக்கான இடத்தை நினைவகக் கணக்கிலிருந்து முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் போதும்; நான்கு வரியும் இருக்கும், திரையும் வரும். ஒரே ஒரு வரி. அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர்ல இருக்கிற கோப்பு. உங்க இஷ்டம்."

அவன் எடுத்தான். திரை பளிச்சென்று வந்தது.

"பாத்தீங்களா! இதையா எட்டு மாசம் உருட்டுனீங்க?"

அவள் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினாள். கிடங்கு கிடங்காக இயந்திரங்கள் புத்தி பேதலிப்பதையும், அந்தச் சிரிப்பு வாயிலேயே உறைவதையும் நிதானமாக நினைத்துப் பார்த்தாள். இனித்தது.

மாலையில் டெஸ்டர் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். பதினோரு வருடமாக இங்கே பலகைகளைச் சோதிப்பவர்.

"ஒரு மணி நேரம் ஓட்டிட்டேன்மா. சுத்தமா ஓடுது. மூணு நாள் ஓட்டணும்னா மேனேஜர் வள்ளுனு விழறாரு. உன் வேலைன்னா கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவேன். போட்டுடவா?"

அவள் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"கடைசி நாள்... அதான்ணே."

"அட, இந்த இடம் இல்லன்னா இன்னொண்ணு. தைரியமா இரு." தாளை அவள் மேசையிலேயே வைத்து, அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு பகல் வேளையில், பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

"இந்நேரத்துல இங்கயாண்ணே?"

"அறுபது மெஷின் கண்டபடி எடை காட்டிடுச்சும்மா. விசாரணை வச்சாங்க." ஃபைலிலிருந்து விசாரணை அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினார்.

எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர், இனிஷியலோடு பிசகில்லாமல் திரும்ப வந்திருந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து.

"தப்பைக் கண்டுபிடிச்சதே மச்சினன்தானாம். நாலு வரி, கூட இன்னொரு வரி, அவ்வளவுலயே சரி பண்ணிட்டானாம். அவனுக்கு இப்ப தனி ரூம்." அவர் நகலை மடித்தார். "அந்தப் பொண்ணு அப்படி விட்டிருக்காதுன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். எவன் கேக்குறான்?"

அவள் வாய் திறந்தாள். பஸ் வந்து நின்றது.

ஏறப்போனவர், பழக்கத்தில், அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கிளிப் கடித்துக் கடித்து விழுந்த இரண்டு சின்ன ஓட்டைகள்தான் அங்கே இருந்தன.