சங்கிலி இல்லாமல் கூப்பிடுங்கள்

அளவெடுக்க டேப்பைத் தோளிலிருந்து உருவினேன். தையல் மிஷினுக்கு அடியில் படுத்திருந்த எங்கள் நாய் பொத்தான் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர் காலைத் தூக்கிக்கொண்டார். மூன்று வாரத்துக்கு முன்பு வரை இதே நாய் அந்த டேப்பைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்க ஓடும்.

அது செய்த குற்றம் ஒன்றுதான். வாசலில் யார் வந்தாலும் குரைக்கும். வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று என் கணவர் ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். மாஸ்டர் என்று அழைக்க வேண்டுமாம். முள் வைத்த தோல் கழுத்துப்பட்டை, குட்டைச் சங்கிலி. குரைத்தால் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அதற்கும் அடங்காவிட்டால் மல்லாக்கப் புரட்டி நெஞ்சில் முழங்கால். வீட்டில் யார் தலைவன் என்று நாய்க்குத் தெரிய வேண்டும் என்றார். ஐந்தாம் நாள் குரைப்பு நின்றது. கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே வாலாட்டமும் நின்றுபோனதை நான் மட்டும்தான் கவனித்தேன். சங்கிலியைப் பிடித்துக் கூப்பிட்டால் வந்தது, வயிறு தரையில் தேய.

அந்த நடை எனக்குத் தெரியும். தொழில் பழகிய காலத்தில் அப்பாவின் மர ஸ்கேல் கிடக்கும் மேஜைக்கு நான் அப்படித்தான் போவேன். பட்டன் துளைக்கு எடுக்கும் காஜா கோணினால் விரல் கணுவில் அடி. அடித்ததால்தான் எனக்குக் கை படிந்தது என்று இன்றும் சொல்லித் திரிகிறார். அவர் வெளியூர் போன நாட்களில்தான் என் காஜா நேராக வந்தது.

டீச்சர் போனதும் பெரிய கத்தரியால் பொத்தானின் கழுத்துப்பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் மாஸ்டர் கணவரோடு வந்தார். வெறும் கழுத்தைப் பார்த்ததும் செல்லம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறும், பட்ட பாடெல்லாம் வீண் என்று ஆரம்பித்தார். கணவர் என்னை முறைத்தார்.

"சரி மாஸ்டர், நீங்கதானே தலைவர். சங்கிலி இல்லாம கூப்பிடுங்க, பாப்போம்."

கூப்பிட்டார். தொடையில் தட்டினார். பிறகு அதட்டினார். பொத்தான் மிஷின் பெடலுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கியது.

"இது ஒழுக்கம் இல்லைங்க, பயம். எனக்கு ரெண்டும் தெரியும்."

நாளைக்கு யாரையாவது கடித்தால் யார் பொறுப்பு என்று கணவர் கேட்டார். நான்தான் என்றேன். இனிமேல் பெல் அடித்ததும் குரைக்காமல் பாயில் போய் உட்கார்ந்தால் முட்டைத் துண்டு, மாசக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும் என்றேன். முட்டைக்காக வேலை செய்கிற நாயா என்று மாஸ்டர் சிரித்தார்.

"நீங்க மட்டும் சும்மாவா வர்றீங்க?"

கணவர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். மாஸ்டர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெட்டுத்துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் முட்டைத் துண்டை வைத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. பக்கத்தில் வரப்பார்த்தார் கணவர்.

"அங்கேயே நில்லுங்க."

நின்றார். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது, அப்புறம் பட்டை உராய்ந்து முடி கொட்டிப்போன கழுத்து. பின்னங்கால்கள் இருந்த இடத்திலேயே ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் நீண்டுகொண்டே வந்தது. ஈர மூச்சு விரல்களில் பட்டது. நான் கையை நகர்த்தவில்லை.