வாய்க்காலைத் தாண்டக் கூடாத ராக்கெட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கேட்டால் எரிச்சலில் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் வறுத்த மீன். பொழுதுபோக்காக ராக்கெட் செய்து விடும் எங்கள் சங்கம் கூடுவதும் அந்த மீனைச் சுற்றித்தான். அங்கே ஒருவர், "உயரமாப் போகாத ராக்கெட்ட எதுக்குச் செய்யணும்?" என்று கேட்டார். எதிரே இருந்த பெண் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். ஆனால் மேசையில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். கதை அங்கிருந்து வந்தது.

தொடக்கம் மட்டும் வர மறுக்கிறது.

"ஆதியிலிருந்தே மனிதன் வானத்தை நோக்கி—" வேண்டாம். ஆதியிலிருந்தே மனிதன் தன் வயலில் அடுத்தவன் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். வானமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"மார்லிஸ் டோல்லெஃப்சனின் கண்களில் நட்சத்திரங்கள்—" இதுவும் பொய். அவள் கண்ணில் இருந்தது மரத்தூள். ராக்கெட்டின் வால் இறக்கையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, நேராகவே போகிறேன்.

2

மார்லிஸ் பேக்கரியில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு விடியும் முன் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அவளுக்கென்று இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமையை அவள் செலவழிப்பது ரோலி ஸாஸ்ட்ரோவின் வைக்கோல் நிலத்தில்.

ரோலி கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழம் பயிரிடுபவர். சாலைக்கும் அவருடைய பழப்பாத்திகளுக்கும் நடுவே ஒரு துண்டு வைக்கோல் நிலம் கிடக்கிறது. அதில் ராக்கெட் விட எங்களுக்கு அனுமதி. நிலம் முடியும் இடத்தில் ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் பழம். காற்று பெரும்பாலும் பழத்தின் பக்கம்தான் அடிக்கிறது. (இதைக் கதைக்காக நான் ஏற்பாடு செய்யவில்லை.)

போன மாதம் க்ளென் விட்ஸ்டாக்கின் ராக்கெட் பாத்திக்குள் விழுந்தது. ஆளைவிட உயரமான, ஒல்லியான ராக்கெட். க்ளென் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, காய் பிடித்திருந்த கொடிகளை மிதித்தபடியே உள்ளே போய், வேட்டையாடிய மானைத் தூக்கி வருவதுபோல அதைத் தூக்கிவந்தார். வந்தவர் ரோலியிடமே கேமராவைக் கொடுத்து, "ஒரு படம் எடுங்க" என்றார்.

ரோலி படம் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "அடுத்த தடவ நீங்க விடுற சனிக்கிழம நான் இங்க வந்து நிப்பேன். மொதல்ல எத விடுறீங்களோ அத மட்டும் பாப்பேன். அது என் பாத்தியில விழுந்துச்சுன்னா, எல்லாரும் வேற எடம் பாத்துக்கங்க."

வேற இடம் என்பது மூன்று மணி நேரப் பயணம். க்ளென்னிடம் பெரிய வண்டி இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. "அங்க வானம் பெரிசு" என்றார், ஏதோ இங்கே வானத்தைக் கத்தரித்து வைத்திருப்பதுபோல. இந்த நிலம் போனால் மார்லிஸுக்கு ராக்கெட்டே போயிற்று. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் முதலில் விடப்போகும் ராக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவள் தலையில் கட்டினார்கள்.

3

க்ளென்னைப் பற்றி ஒரு சந்தேகம். அவரை நான் ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருக்கிறேன். முழு அளவில் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அவருடைய கையில்லாச் சட்டையில், பெரிய மோட்டார் விடலாம் என்று அனுமதிக்கும் இரண்டாம் நிலைச் சான்றிதழ்ச் சின்னம் தைக்கப்பட்டிருக்கிறது. மீன் சாப்பிடும்போதும் அதைப் போட்டிருப்பார். இதைக்கூட எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

மார்லிஸ் தேர்ந்தெடுத்தது குட்டையும் அகலமுமான ஒரு கிட், பாகங்களாக வாங்கி ஒட்டிச் செய்வது. முழங்கால் உயரம், இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்கிற பருமன். மோட்டார் நடுத்தரம்.

"இதென்ன மார்லிஸ், ராக்கெட்டா, சூப் டப்பாவா?" என்றார் க்ளென், வெள்ளிக்கிழமை மீன் மேசையில்.

"சூப் டப்பாதான். மொளகுத்தூள் இருந்தா இப்படித் தள்ளு."

"எதுக்குக் கேக்குறேன்னா, உயரமாப் போகாத ராக்கெட்ட எதுக்குச் செய்யணும்?"

முள்கரண்டி கீழே இறங்கியது.

"க்ளென், ஒல்லியா இருந்தா உயரமாப் போகும். உயரமாப் போனா காத்து தூரமா இழுத்துட்டுப் போகும். தூரத்துல என்ன இருக்கு?"

"வானம்."

"ரோலியோட பழம் இருக்குப்பா. நீ மிதிச்சுட்டு வந்தியே, அது. இது குண்டு. காத்தே இதப் புடிச்சு நிறுத்தும். ஏறுன எடத்துக்குப் பக்கத்துலயே எறங்கும்."

"அப்ப சின்ன மோட்டார்ல பொம்ம ராக்கெட் விட்டுட்டுப் போ."

இங்கே கதை நேர்மையாக இருக்க வேண்டுமென்றால், க்ளென் கேட்டது நியாயம். சின்ன மோட்டார் என்றால் பிரச்சினையே இல்லை. 'புஸ்' என்று போய் 'பொத்' என்று விழும். ஆனால் மார்லிஸுக்கு நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த முழக்கம் வேண்டும். வாரம் முழுவதும் ரொட்டி மாவோடு இருப்பவளுக்கு அது வேண்டும். குட்டையும் அகலமுமானவை தருவது அதைத்தான்: சத்தம் நிறைய, புகை நிறைய, போய்ச் சேரும் உயரம் கொஞ்சம்.

(இந்த வர்ணனை க்ளென்னுக்கும் பொருந்தும் என்று மேசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் இல்லை.)

4

[நீக்கப்பட்டது. இதில் க்ளென்னின் கணக்கு இருந்தது. அவர் மடிக்கணினியைத் திறந்ததும் மீன் ஆறிவிட்டது. கதையும் ஆறிவிட்டது.]

5

சனிக்கிழமை. ஆகஸ்ட். ரோலி வந்து, கைகட்டி, வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரை முதல் படியில் கடுகடுப்பான கிழவராக எழுதியிருந்தேன். அடுத்த படியில் உள்ளுக்குள் நல்லவராக. இரண்டுமே சோம்பேறித்தனம். அவர் பழம் விற்கிற மனிதர், நேரமில்லாமல் வந்திருக்கிறார். அவ்வளவுதான்.

ராக்கெட்டைச் சோதித்து அனுமதிக்கும் பொறுப்பு க்ளென்னிடம். எந்தச் சங்கத்திலும் இப்படித்தான். யார் தாமதப்படுத்துவாரோ அவரிடமே பொறுப்பைக் கொடுப்பார்கள்.

"சமநிலை சரியில்ல" என்றார், ராக்கெட்டைப் படுக்கவைத்து. "ரொம்பக் குட்ட. நேராப் போகாது. மூக்குல இன்னும் ஈயம் போடு."*

"போட்டா கனமாகும்."

"பெரிய மோட்டார் போடு."

"பெரிய மோட்டார் போட்டா உயரமாப் போகும்."

"அதானே ராக்கெட்."

"உயரமாப் போனா பழத்துல விழும். நான் குட்டையா வாங்குனதே அதுக்குத்தான் க்ளென். நீ என்னைய சுத்திக் கொண்டாந்து உன் ராக்கெட்டுக்குள்ளயே விடுற."

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"மூக்குல எவ்வளவு கனம் வைக்கணும்னு கிட் செஞ்சவன் சொல்லித்தான் இருக்கான். அத வச்சாச்சு. அவனுக்குத் தெரியாதா?"

"அவன் ரெண்டாம் நிலையான்னு நமக்குத் தெரியாதே."

மார்லிஸ் வானத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரத்தில் யாரும் வானத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"எனக்கு பம்ப் ஷெட்ல வேல கெடக்கு" என்றார் ரோலி. "இது பறக்குமா, இல்ல நீங்க பேசியே தீத்துருவீங்களா?"

க்ளென் உடனே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். நிலத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் கணக்கு மாறிவிட்டது. போடும்போது மடித்திருந்த பாராசூட்டை விரலால் தொட்டுப் பார்த்து, "இது மட்டும் நல்லாப் பெரிசா இருக்கு" என்று பாராட்டினார்.

* அகலமான அடிப்பாகம் காற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதால், அதுவே ஒரு வால்போல வேலை செய்யும். க்ளென்னின் கணினிக்கு இது தெரியாது. க்ளென்னுக்குத் தெரியும். ஆனால் அவர் கணினியின் பக்கம்.

6

அந்தப் பாராசூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மார்லிஸ் எனக்குப் பிடித்தவள்.

கிட்டோடு வந்தது சின்னப் பாராசூட். சின்னதாக இருந்தால் வேகமாக இறங்கும், காற்றோடு அலையாது. ஆனால் மார்லிஸ் ராக்கெட்டுக்கு நீலம் அடித்து, தேய்த்து, மறுபடி நீலம் அடித்து, அதன்மேல் வார்னிஷ் பூசி, கண்ணாடிபோல ஆக்கிவைத்திருந்தாள். வேகமாக விழுந்தால் கீறல் விழும். அதனால் பெரிய பாராசூட்டை மாற்றிவிட்டாள். தரையில் விழுவதற்கென்றே செய்கிற பொருளைத் தரைபடாமல் காப்பாற்ற நினைப்பது எங்கள் ஆட்களின் வியாதி. வெளியில் யாருக்கும் இது வருவதில்லை.

உயரத்தைக் குறைக்க க்ளென்னோடு இவ்வளவு மல்லுக்கட்டியவள், அலைவதற்கான ஏற்பாட்டைத் தானே செய்து மடித்துவைத்தாள். க்ளென் அன்று பாராட்டிய ஒரே விஷயமும் அதுதான். அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும்.

7

ராக்கெட் போனது. நேராகப் போனது. முழக்கம் வந்து நெஞ்சில் இடித்தது, புகை ராக்கெட்டை நிறுத்தியிருந்த கம்பத்தைச் சுற்றி எழுந்தது. எல்லோரும் கழுத்தை முழுதாக நிமிர்த்துவதற்குள் மேலே நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் ரோலி.

"அவ்வளவுதான்" என்றாள் மார்லிஸ்.

"இது பரவால்லையே."

மார்லிஸின் முகம் ஒரு கணம்— இல்லை, அதை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்து வருவது தாங்காது.

பாராசூட் திறந்தது. ஆரஞ்சு நிறம், குடைபோல, அழகாக. காற்று அதை எடுத்துக்கொண்டது. நீல ராக்கெட் அவசரமே இல்லாமல், ஒரு கீறலும் படாத கவனத்தோடு, வாய்க்காலைப் பார்த்து நடந்தது.

8

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில் காற்று நிற்கிறது. ஆகஸ்டில் அந்த நிலத்தில் காற்று நின்றதில்லை; நான் நிறுத்தினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இன்னொன்றில் அது பாத்தியில் விழுகிறது. ரோலி வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். இதுதான் நடக்கக்கூடியது. இதை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் ரோலி மனமிரங்கி "இது ஒண்ணு போகட்டும்" என்கிறார். இதை எழுதியவனை நானே மன்னிக்கமாட்டேன்.

நான் இப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போதே மார்லிஸ் ஓட ஆரம்பித்துவிட்டாள். இது என் மூன்றிலும் இல்லை.

அறுத்த தாள்கட்டைகள்மேல், பேக்கரிச் செருப்போடு ஓடுகிறாள். ராக்கெட் தாழ்ந்துகொண்டே வருகிறது. தலைக்கு மேலே வந்துவிட்டது. வாய்க்காலின் கரையில் வைத்து எட்டிப் பிடித்துவிடலாம்போல இருக்கிறது.

"மார்லிஸ், புடிக்காத" என்று கத்துகிறார் க்ளென். "எறங்குற ராக்கெட்டக் கையால புடிக்கறது விதிக்கு விரோதம். புடிச்சா உன்னைய ஒரு வருஷம் ராக்கெட் விட விடமாட்டேன்."

இது உண்மையான விதிதான். அடிபட்ட யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டது. நல்ல விதி.

பிடித்தால் நிலம் மிஞ்சும், அவளால் ராக்கெட் விட முடியாது. பிடிக்காவிட்டால் அவள் விடலாம், நிலம் இருக்காது.

க்ளென் விதியின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சங்கத்தார் காற்று மேற்கிலிருந்தா தென்மேற்கிலிருந்தா என்று வாதம் செய்கிறார்கள். ரோலி கட்டியிருந்த கையை அவிழ்த்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை. நான் பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கரைக்குப் போய்விட்டாள், இரண்டு கையும் மேலே. நீங்களும் இவ்வளவு நேரம் எங்களோடு நின்று வேடிக்கைதான் பார்த்தீர்கள். முடிவு வேண்டுமென்றால் இங்கே நிற்காதீர்கள். ஓடுங்கள், ஒருவராவது அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.