நிற்காத பெல்ட்

முனிசாமியின் இஞ்சின் பெல்ட் மறுபடியும் கழன்று விழுந்தது. இஞ்சின் பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, பம்பு நின்றுபோய், வாய்க்காலில் வந்த தண்ணீர் பாதி வழியிலேயே மண்ணுக்குள் போய்விட்டது. முனிசாமி இஞ்சினை நிறுத்திவிட்டு அதன் பரம்பரையையே இழுத்து வைதார்.

தாமல் ஏரி அந்த வருஷம் மாசியிலேயே தரை தட்டிவிட்டது. ஏரியை நம்பி நட்டவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணறும் ஆயில் இஞ்சினும் வைத்திருந்த முனிசாமிக்கு அந்தக் கவலை இருந்திருக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. நெல்லோ கதிர் வாங்குகிற நேரம்; இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் அறுப்பதெல்லாம் பதர்தான். ஆனால் இஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே ஓடுகிற அந்தத் தோல் பெல்ட், சக்கரத்தில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. தொளதொளவென்று இருக்கிறது என்று ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் கொக்கி போட்டு இறுக்கினார். சக்கரங்கள் கோணிக்கொண்டனவோ என்று நூல் பிடித்துப் பார்த்தார், நேராகத்தான் இருந்தன. பெரிய காஞ்சிபுரம் போய்க் குங்கிலியம் வாங்கிவந்து பிடிப்புக்காகப் பெல்ட்டின் மேல் பொடித்துத் தூவினார். கொஞ்ச நேரம் பிடித்தது, அப்புறம் கூழாகி வழுக்கியது. சக்கரத்தில் பிசுக்கு இருக்கிறதே, இஞ்சின் கசிகிறதோ என்று அதன் அடிவயிறெல்லாம் தடவிப் பார்த்தார். எங்கேயும் கசிவில்லை.

பக்கத்து வயல் அப்பாதுரை வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, இஞ்சினோட மல்லுக்கு நின்னுக்கினு இருக்கீங்க? நம்ம இளங்கோவன் இருந்தா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மாட்டை ஓட்டுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

இளங்கோவன் முனிசாமியின் ஒரே மகன். அப்பாவோடு சண்டை போட்டு இஞ்சினை வாங்கியவன் அவன்தான். கழற்றிப் பூட்டத் தெரிந்தவனும் அவன்தான். "நீ தள்ளி நில்லுப்பா, வேட்டி மாட்டிக்கும்" என்று அப்பாவைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிடுவான். தை மாதம் மஞ்சள் காமாலை வந்தது. மாசி பிறந்தபோது ஆள் இல்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. இந்த இஞ்சின் பிள்ளை கைக்குத்தான் கட்டுப்படும், தன்னால் ஆகாது என்று ஒரு பயம் முனிசாமியின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கடைசி முயற்சியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினார். சக்கரத்தையும் துடைத்தார். காயவைத்து மாட்டி ஓட்டிப் பார்த்தால், பெல்ட் சக்கரத்தை விட்டு நழுவவே இல்லை! பொழுது சாய்ந்துவிட்டது, காலையில் வந்து வயல் முழுக்கப் பாய்ச்சிவிடலாம் என்று நிறுத்தினார். மகன் போனபிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. ருசித்ததற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கொட்டகைக்குப் போனார். உள்ளே அவருடைய மனைவி செல்லியம்மாள் இருந்தாள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று முன்னாலேயே கிளம்பியவள். பக்கத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணம். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, பெல்ட்டின் உள்பக்கம், சக்கரத்தின் மேல் என்று நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீசல் நாற்றத்தில் இத்தனை நாள் அமுங்கிப்போன வாசனை அப்போதுதான் அவர் மூக்குக்கு எட்டியது.

"அடிப்பாவி! இன்னா வேலை பண்ணிக்கினு இருக்கற? உன்னாலதான் பெல்ட்டு நிக்க மாட்டேங்குது. பயிரு சாவுதுடி!"

செல்லியம்மாள் திடுக்கிடவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

"சனிக்கிழமைதானே. அவனுக்கு எண்ணெ வெக்கிற நாளு."

"இது இரும்புடி."

"அவன் கை பட்டது வேற இன்னா இருக்குது சொல்லுங்க? துணிமணியெல்லாம் ஆத்துல விட்டாச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "காமாலக்கி எண்ணெ ஆவாது, கண்ணுலகூட காட்டாதன்னாரு வைத்தியரு. தலை எரியுதும்மா, கொஞ்சம் வையிம்மான்னு கேட்டான். வெக்கலியே. செத்தப்புறம் ஊரே வந்து புறங்கையால எண்ணெயும் சீயக்காயும் வெச்சிட்டுப் போச்சு. பொணத்துக்கு வெச்சாங்க. என் புள்ளைக்கி யாரு வெச்சா?"

முனிசாமி வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"பயிரு போவுதுடி, செல்லி" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"போவட்டும். அதத் தின்னப்போறவன் எங்க?"

வாசலுக்கு வெளியே பயிர் தெரிந்தது. மேட்டுப்பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி எறிய அவருக்கு எவ்வளவு நேரமாகும்? பிடுங்கினால் அவள் கைக்கு அப்புறம் என்ன வேலை இருக்கிறது? பிடுங்காவிட்டால் இருவருக்கும் அடுத்த வருஷம் கஞ்சி ஏது? ஆனால் இப்போது அவருக்கு அந்தக் கஞ்சிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த இரண்டு மாதமும் தன் துக்கத்தை இஞ்சினோடு மல்லுக்கட்டித் தீர்த்துக்கொண்டோமே, இவள் எதோடு மல்லுக்கட்டினாள் என்று ஒருநாளாவது கேட்டோமா என்பதுதான் உறுத்தியது.

தலைத்துண்டை அவிழ்த்து மூலையில் போட்டார். செல்லியம்மாளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, கரிபடிந்த தரையில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காரியம் முடிந்த பிறகும் அவர் எண்ணெய் தொடவில்லை. தலை வைக்கோலாகக் கிடந்தது.

"எனக்கு வையிடி" என்றார். "எனக்கும் தலை எரியுது."

பெல்ட்டைத் தூக்கி எறிந்ததும், அப்பாதுரையிடம் பழைய பெல்ட் ஒன்றை இரவல் வாங்கி உச்சிவெயிலில் தண்ணீர் பாய்ச்சியதும், மேட்டுப்பயிர் போய்ப் பள்ளத்துப் பயிர் பிழைத்ததும் பிறகு நடந்தவை. அந்த நேரத்தில் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிடிவாதக்காரி, வைக்கமாட்டாள் என்றே நினைத்தார். எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது உச்சந்தலையில் எண்ணெய் விழுந்தது. விரல்கள் மெல்ல இறங்கின. பிறகு அழுத்தித் தேய்த்தன. நெற்றியில் வழிந்ததை அவள் புறங்கையால் தடுத்தாள்.

"கண்ண மூடிக்கடா ராசா, எரியும்" என்றாள்.

முனிசாமி கண்ணை மூடிக்கொண்டார்.