அனுப்பும் பெட்டி இல்லாத ஸ்பீக்கர்கள்

துபாயில் பழைய சாமான் கடையில் சாஜிதாவின் கணவன் இர்பான் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்கள், நாலு பேர் கைமாறி நன்னிலம் வந்து சேர்ந்தன. கொண்டுவந்து கொடுத்த மீரா உசேன் இர்பானை நேரில் பார்த்ததில்லை.

"வயரே வேணாமாம்மா. உங்க மாமா பக்கத்துல வச்சுட்டா டிவி சத்தம் நல்லாக் கேக்குமாம்" என்றார்.

மாமனார் ஜெக்கரியாவுக்கு இரண்டு காதும் மந்தம். சாஜிதா ஸ்பீக்கரைப் போட்டாள். இரைச்சல்தான் வந்தது.

மறுநாள் ரேடியோ ரிப்பேர் கடை நடராசன் திருகுகளைக் கழற்றிப் பார்த்தார். "டிவியிலேர்ந்து சத்தத்தை இதுக்கு அனுப்புற பெட்டி ஒண்ணு இருக்கணும். அது வரல. ஆனா உள்ள ஆம்ப்ளிஃபயர் நல்லாருக்கு. வயர் இழுத்து டேப் ரிக்கார்டர்ல சொருகுறமாதிரி பண்ணித் தரவா?"

டேப் ரிக்கார்டர் என்றதும் சாஜிதாவுக்குப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்த கேசட் நினைவுக்கு வந்தது.

மூன்று மாதம் முன்பு இர்பான் ஒரு கேசட் அனுப்பியிருந்தான். கட்டட வேலையில் இரும்பு விழுந்து, அவனுடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு குடோனில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. 'அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதே' என்று, அப்பாவுக்குத் தெரியக்கூடாதென இரண்டு தடவை சொல்லியிருந்தான். டேப் ரிக்கார்டரின் கிழிந்த ஸ்பீக்கரில் மகன் குரல் பிடிபடாத ஜெக்கரியா, என்ன சொல்றான் என்று கேட்டார். நல்லா இருக்காராம் மாமா, என்று அவர் காதருகே கத்திச் சொன்னாள் அவள். அதற்குப் பிறகு மாமனார் தூங்கும் நேரம் பார்த்து, கொல்லையில் போய் அழுவாள்.

"பண்ணிக் கொடுங்கண்ணே" என்றாள் கடைசியில்.

சாயங்காலம் ஜெக்கரியாவின் நாற்காலிக்கு இருபுறமும் ஸ்பீக்கர்களை வைத்தார் நடராசன். டேப்பில் ஓடிய பயான் என்ற மார்க்கப் பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. நடராசன் போனதும் ஜெக்கரியா சொன்னார்: "இர்பான் கேசட்டைப் போடும்மா."

"நாடா சிக்கிக்கிச்சு மாமா."

அவர் மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. நெல் மூட்டைக்குச் சாக்கு விற்கும் தன் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பெற்ற மகன் குரலை அவருக்கு மறைக்க நான் யார் என்று சாஜிதாவுக்குத் தோன்றியது. பெட்டியின் அடியிலிருந்து கேசட்டை எடுத்துப் போட்டாள்.

அத்தாகிட்ட சொல்லிடாதே என்ற இடம் வந்தபோது ஜெக்கரியா கண்ணை மூடிக்கொண்டார். நாடா ஓடி முடிந்து, டக்கென்று நின்றது.

"மூணு மாசமா நீ ஒத்தையிலயா இதைச் சுமந்தே?"

சாஜிதா இந்தத் தடவை கொல்லைக்குப் போகவில்லை; அவர் முன்னாலேயே அழுதாள். அவர் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வெற்றுக் கேசட் ஒன்றைப் போடச் சொன்னார். தனக்குக் கேட்காததால் எப்போதும் உரக்கப் பேசும் மனிதர், அன்று தாழ்ந்த குரலில் பேசினார்.

"இர்பானு, அத்தா பேசுறேன். எல்லாத்தையும் கேட்டுட்டேன். அங்க உக்காந்து பாக்கிற வேலைய நம்ம கடையில பாக்கலாம். பொறப்பட்டு வா. சாஜிதாவைக் கோவிச்சுக்காதே."

குறுவை நெல் அறுப்பு தொடங்கியபோது இர்பான் வந்தான். கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக் காரிலிருந்து இறங்கியவன், வேட்டியை இழுத்துக் காலை மறைக்கப் பார்த்தான். ஜெக்கரியா குனிந்து அவன் கையை விலக்கிவிட்டு, காயம் ஆறிய இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

"வலிக்குதா?" என்றார்.

"இப்ப இல்லத்தா" என்றான் அவன்.