சாட்சிக் கையெழுத்து

ஷாமியானாவின் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹரோல்ட், ரோஜா மாலையோடு ஒருவர் சந்துக்குள் வருவதைப் பார்த்தார். ஆளைத் தெரிந்தது. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருக்கும் பெருமாள். இறந்துபோன சாம்ராஜ் மாடி கட்டக் கடன் வாங்கியது இவர் மூலமாகத்தான். வங்கியிலிருந்தே மாலை வருகிறதே, மச்சான் நல்ல பேர்தான் வாங்கியிருக்கிறான் என்று ஹரோல்டுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாம்ராஜ் அவர் தங்கை ஜூடித்தின் புருஷன். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவன். நேற்று திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவே இல்லை. இப்போது ஆண்டர்சன்பேட்டையில், தான் ஆசையாகக் கட்டிய மாடிக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான்.

பெருமாள் மாலையை வைத்துவிட்டு வந்து ஹரோல்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்ல மனுஷன் சார். ஒரு மாசம் தவறினதில்ல. கடனுக்கு இன்சூரன்ஸ் மட்டும் வேணாம்னுட்டாரு. எனக்கு இன்னா ஆவப்போவுதுன்னாரு." கொஞ்சம் தயங்கினார். "பதறாதீங்க. அப்புறமா ஒரு நாள் பேங்க் பக்கம் வாங்க. நீங்கதானே ஜாமீன்?"

"நான் சாட்சிங்க."

"சாட்சி வேற சார். ஜாமீன் வேற."

"இன்னா வித்தியாசம்?"

பெருமாள் சொன்னார். சாட்சி, நான் பார்த்தேன் என்பான். ஜாமீன், அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பான். அவனும் கட்டாவிட்டால் வங்கி சட்டப்படி அவன் சம்பளத்துக்கும் வரலாம், வீட்டுக்கும் வரலாம். கேட்கக் கேட்க ஹரோல்டின் கையிலிருந்த கயிறு நழுவியது. ஷாமியானா ஒரு பக்கமாகச் சரிந்து, பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களின் தலையில் உட்கார்ந்தது.

"அன்னிக்கே படிச்சிப் பாருங்கன்னு சொன்னேன் சார். நீங்க மை பேனா இருக்கான்னு கேட்டீங்க."

கேட்டதென்னவோ உண்மை. அவர்கள் திருச்சபையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து ஹரோல்டுடையதுதான். எழுத்து அப்படி. முதல் எழுத்தின் வால் பெயருக்கு அடியில் ஓடி, திரும்பி வந்து, ரெண்டு புள்ளியோடு முடியும். "ஹரோல்ட் போட்டா நெலைக்கும்" என்று பெண்ணைப் பெற்றவர்களே வந்து கூப்பிடுவார்கள். போட்டவுடன் முதல் பந்தியில் பிரியாணி. ஒரு பதிவேட்டையும் அவர் படித்ததில்லை. ரெண்டு பேரும் சம்மதம் சொல்லியாயிற்று, இதில் படிக்க என்ன இருக்கிறது? கல்யாணங்களுக்கு மாட்டும் அதே கோட்டை மாட்டிக்கொண்டுதான் வங்கிக்கும் போனார். திரும்பும்போது சாம்ராஜ் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தான். சந்தேகப்பட இடமே இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் மனைவி ஐடா. ஐடாவின் அப்பா, ஊர்த் தங்கச் சுரங்கத்தில் தன்னோடு ஷிப்ட் பார்த்தவனுக்கு ஜாமீன் நின்று, இருந்த வீட்டை இழந்தவர். "கல்யாணத்துக்கு எத்தினி வேணா போடுங்க. வேற எதுலயாவது போட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். சாட்சிதானே என்று ஹரோல்ட் வீட்டில் மூச்சு விடவில்லை. இப்போது மச்சானை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் வீட்டை நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே கேவலமாக இருந்தது.

ஜெபம் தொடங்கியது. போதகர் வேதம் வாசித்து முடித்து மைக்கை நீட்டினார்.

"நம்ம சகோதரனைப் பத்தி யாராவது சாட்சி சொல்லலாம். ஹரோல்ட் அண்ணே, வாங்க."

"இனிமே நான் எதுக்கும் சாட்சி இல்ல!"

மைக் பக்கத்தில் இருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. பெட்டியின்மேல் சாய்ந்திருந்த ஜூடித் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய முகம். அந்த முகத்துக்கு முன்னால் எதையும் மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. எழுந்து மைக்கை வாங்கினார்.

"இவன் பேங்க்ல ஒரு கையெழுத்து போட வான்னான். கல்யாண ரிஜிஸ்தர் மாதிரின்னு நெனச்சிக்கினு கோட்டு மாட்டிக்கினு போனேன். அது ஜாமீனாம். இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர். ஐடா சிரிக்கவில்லை.

"மாசாமாசம் வருவான். கையில முட்ட பஃப்ஸ் இருக்கும். 'இந்த மாசமும் உன்ன கேஜ்ல ஏத்தி மேல கொண்டாந்துட்டேன் மச்சான்'னுவான். எங்க அப்பங்க சுரங்கத்துலருந்து கேஜ்ல ஏறி மேல வந்தாத்தான் அன்னிக்கி உசுரு மிச்சம். அதச் சொல்லிக்கீறான். தவண கட்டிட்டு வந்து சொல்லிக்கீறான், பாவி. நான் குடிச்சிட்டு ஒளர்றான்னு நெனச்சேன்." மனைவி பக்கம் திரும்பினார். "ஐடா, அந்த பஃப்ஸுக்கு டீ போட்டுக் குடுத்ததே நீதான்."

ஜூடித் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சிரிப்போ அழுகையோ, குலுங்கினாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடியும்வரை ஐடா ஹரோல்டிடம் பேசவில்லை. கை ஒடியப்போகிறது என்று அவர் தயாராகவே நின்றார். கூட்டம் கலைந்தபோது அவள் ஜூடித்தைத்தான் கூப்பிட்டாள்.

"மாடிய வாடகைக்கு வுட்டுடலாம். பத்தாததுக்கு நாங்க கீறோம். நீ எதையும் நெனச்சிக்காத."

"அண்ணன் மேல கோவப்படாதீங்க அண்ணி."

"அத வூட்டுல வெச்சிக்கறேன்."

போதகர் அடக்கப் பதிவேட்டோடு வந்தார். "அண்ணே, சாட்சி…" என்று தொடங்கியவர், மைக்கில் கேட்டது நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் பழக்கதோஷம். ஹரோல்டின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டது. மூடியையும் கழற்றியாயிற்று. ஐடா கைப்பையைத் திறந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"படிச்சிட்டுப் போடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டின்மேல் குனிந்தார். போதகர் காத்திருந்தார். வாசலில் ஆட்டோக்காரன் ரெண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"இன்னாங்க, முடிஞ்சிதா?"

"இரு. இன்னும் பேர்லயே கீறேன்."

ஐடா வாசலுக்குப் போய், ஆட்டோவை அணைக்கச் சொன்னாள்.